ஐயாவின் திவசமும் இருபத்திமூன்றாம் புலிகேசியும்

குழு: கந்தர்மடம் வீடு

சின்னண்ணை: எல்லோருக்கும் வணக்கம். ஐயாவின் ஆண்டுத் திவசம் வெள்ளிக்கிழமை. ஐயருக்குச் சொல்லியாயிற்று, சாப்பாடு 40 பேருக்கு. இன்னொரு விசயம். வெளிநாட்டுப் பிள்ளைகள் எல்லாம் ஒன்றாக இங்கே நிற்பது இந்த ஒரு கிழமைதான். சனி இரவு முற்றத்தில் புரொஜெக்டர் வைத்து ஐயாவுக்குப் பிடித்த இம்சை அரசன் 23ஆம் புலிகேசி போடலாம் என்று நினைக்கிறேன்.

குஞ்சு மாமி: திவசம் முடிந்து அடுத்த நாளே பகிடிப்படமா?

பபா அக்கா: ஐயா இருந்தால் அவரே போடச் சொல்லியிருப்பார் மாமி

குஞ்சு மாமி: அண்ணை இல்லை என்றுதானே திவசம்

லண்டன் சித்தி: புரொஜெக்டர் ஆரிடம் இருக்கு?

குட்டி: என் சிநேகிதனிடம் கேட்கலாம். ஆனால் மாமா, அது எல்லோரும் நூறு தரம் பார்த்த படம். நாய் சேகர் ரிட்டர்ன்ஸ் போடுவோமா? அதுவும் வடிவேலுதானே.

பபா அக்கா: ஐயோ குட்டி

பெரியண்ணை (ரொறன்ரோ): வெள்ளி சாப்பாட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் உண்டோ?

பபா அக்கா: திவசத்தில் மச்சமோ அண்ணை! நல்லூர்க் கோயிலும் கொடியேறிவிட்டது.

சின்னண்ணை: குட்டி, நீ அப்போது பிறக்கவில்லை, அதனால் விளக்கமாகச் சொல்கிறேன். 23ஆம் புலிகேசி வந்தது 2006 ஜூலையில். ஐயா கொழும்புக்குப் போய் வரும்போது சீடி ஒன்று கொண்டுவந்தார். கொஞ்ச நாள்தான், ஆகஸ்ட் 11 யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 பாதையைப் பூட்டிவிட்டார்கள். ஊரடங்கு, சீனிக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, வீட்டில் இருந்த ஒரே புதுப்படம் அதுதான். கரண்ட் வரும் நேரம் பார்த்துக் கதவைச் சாத்தி, சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்ப்போம். சீடியில் ஒரு கீறல். பயில்வான் உடம்பில் தன் தலையை வைத்து ஓவியம் கீறச் சொல்லும் இடத்தில் படம் அப்படியே நின்றுவிடும். ஐயா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி மிச்ச வசனத்தைப் புலிகேசியின் குரலிலேயே சொல்லி முடிப்பார், பிறகு எழும்பிப் போய் சீடியை எடுத்துச் சாரத்தில் துடைத்துத் திரும்பப் போடுவார்.

பபா அக்கா: அந்தச் சாரத் துடைப்பு

லண்டன் சித்தி: அத்தானின் குரல் இப்பவும் கேட்கிறது

சின்னண்ணை: நாய் சேகர் 2006 இல் தலைநகரம் படத்தில் இடையிடையே வந்து போகிற ஆள். எப்போது திரும்ப வருவார் என்று காத்திருந்து சிரித்தோம். 2022 இல் முழுப்படத்தையும் அவர் தலையில் சுமத்திவிட்டார்கள். இயக்கியதும் அதே சுராஜ், நடித்ததும் அதே வடிவேலு. நான் முதல் நாளே ஆசையாகப் போய்ப் பார்த்தேன், மனம் விட்டுப்போச்சு.

குட்டி: ஒரு படம் சரிவரவில்லை என்றால் எல்லா இரண்டாம் பாகமும் கூடாதா? தில்லு முல்லு 2013 எனக்குப் பிடித்தது. நீங்கள் கொண்டாடுகிற 1981 படமே இந்தி கோல்மாலில் இருந்து வந்ததுதானே, 1979 இல் வந்தது. தமிழில் எடுத்ததால் இந்திப்படம் கெட்டுப்போனதா?

பபா அக்கா: அது நியாயமான கேள்வி

பெரியண்ணை (ரொறன்ரோ): கலகலப்பு 2 எங்கள் வீட்டில் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் முதலாவதுக்குத்தான் சிரித்தேன்

குஞ்சு மாமி: பாயாசத்துக்குச் சவ்வரிசி ஆர் வாங்குகிறீர்கள்

சின்னண்ணை: கதையைத் திருப்பி எடுப்பது வேறு, ஆளைத் திருப்பிக் கொண்டுவருவது வேறு குட்டி. 23 ஐ இயக்கிய சிம்புதேவன் ஆனந்த விகடனில் கார்ட்டூன் போட்டவர். அதனால்தான் 23 இல் ஒவ்வொரு காட்சியும் தனியாக நிற்கிறது. சாதிச் சண்டைக்கென்றே மைதானம் திறப்பது, குளிர்பானம் விற்க மன்னனே விளம்பரத்துக்கு நிற்பது. அந்தப் பகிடிக்குள் கோபம் இருக்கிறது. மீசையும் கிரீடமும் திரும்ப வைக்கலாம், கோபம் இல்லாவிட்டால் அது வெறும் மாறுவேடப் போட்டி.

குட்டி: 24ஆம் புலிகேசிக்கும் அவர்தானே இயக்குநர்?

சின்னண்ணை: ஓம். அதனால்தான் அந்த ஒன்றுக்கு மட்டும் காத்திருந்தேன். 2017 இல் தொடங்கி நின்றுபோனது. படம் எடுத்த ஷங்கரின் கம்பனிக்கும் வடிவேலுவுக்கும் பிணக்கு, தயாரிப்பாளர் சங்கம் வரை போய் 2021 இல்தான் தீர்ந்தது. படம் போனது போனதுதான்.

பெரியண்ணை (ரொறன்ரோ): ஐயா ஒவ்வொரு ஞாயிறும் ஃபோனில் கேட்பார், 24 வந்துவிட்டதா என்று. கனடாவில் முதலில் வரும் என்று நினைத்தார்

பபா அக்கா: எங்களிடம் ஒரு நாளும் கேட்கவில்லையே

பெரியண்ணை (ரொறன்ரோ): என்னிடம்தான் கேட்பார்

சின்னண்ணை: பக்கத்தில் இருந்து பார்த்தவர்களிடம் கேட்க அவருக்கு வேறு விசயம் இருந்தது

பெரியண்ணை (ரொறன்ரோ): இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியண்ணை (ரொறன்ரோ): செத்தவீட்டுக்கு வர எனக்கு அப்போது பேப்பர் சரிவரவில்லை. எத்தனை தரம் சொல்வது

லண்டன் சித்தி: பிள்ளைகள் வாசிக்கிற குழு இது. இரண்டு பேரும் நேரில் கதையுங்கள்.

சின்னண்ணை: சரி சித்தி. அண்ணை, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

குட்டி: பெரியமாமா, அம்மப்பா 24 பார்க்க ஆசைப்பட்டது எனக்குத் தெரியாது. சரி 23ஏ போடுவோம். சவுண்ட் பொக்ஸ் நான் கொண்டு வருகிறேன். யூரியூப்பில் இருக்கும்.

சின்னண்ணை: யூரியூப் வேண்டாம். அந்தச் சீடியையே போடுவோம்.

குட்டி: கீறல் சீடியா? நின்றுவிடுமே

பபா அக்கா: நிற்கட்டும்

குஞ்சு மாமி: நான் இன்னும் ஓம் என்று சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டீர்களா?

பபா அக்கா: கேட்டேன். மாமரத்தடியில் கதிரை போட்டால் பனி விழும், விறாந்தையில் போடு என்றா. அது ஓமா இல்லையா தெரியவில்லை

லண்டன் சித்தி: சீடி என்னிடம் இருக்கு. அத்தான் போன தரம் தந்துவிட்டவர், உறையில் அவரின் எழுத்து. கொண்டு வருகிறேன்.

குட்டி: சித்தம்மம்மா உங்களிடமா!!

சின்னண்ணை: சீடி போடுகிற டெக்?

பெரியண்ணை (ரொறன்ரோ): 2005 இல் நான் காசு அனுப்பி வாங்கிய டெக் எங்கே?

பபா அக்கா: சின்னண்ணை கொண்டுபோனது என்று நினைக்கிறேன்

சின்னண்ணை: நான் கொண்டுபோகவில்லை. சாவகச்சேரிக்குப் போனது.

குஞ்சு மாமி: எங்கள் வீட்டைச் சொல்கிறீர்களோ?

குஞ்சு மாமி: சவ்வரிசி 2 கிலோ போதுமா