செப்சிஸ் காட்டியா, குறிப்பானா? தீக்காயப் பாடத்துக்கு ஒரு சொல்

மொழிபெயர்ப்பவர்:
குழுமத்தாருக்கு வணக்கம். செவிலியர் கைந்நூல் ஒன்றில் கடும் தீக்காயம் பற்றிய பாடத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இரத்தத்தில் புரோகால்சிட்டோனின், சி-எதிர்வினைப் புரதம், லாக்டேட் முதலியவற்றை அளந்து செப்சிஸை முன்கூட்டியே சந்தேகிக்கும் பகுதி இது. ஆங்கிலத்தில் 'செப்சிஸ் மார்க்கர்' எனப்படும் இவற்றுக்கு மொத்தமாக 'குருதி நச்சேற்றக் காட்டிகள்' என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

தீக்காயப் பிரிவு மருத்துவர்:
'குருதி நச்சேற்றம்' வேண்டாம் அம்மா. இரத்தத்தில் ஏதோ நஞ்சு கலந்துவிட்டது என்றே மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். 2016இல் வந்த செப்சிஸ்-3 வரையறைப்படி, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுமீறிப் போய், உறுப்புகள் பழுதாகி, உயிருக்கே ஆபத்தாகும் நிலை அது. இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பினால் ஒரு கிருமியும் வளராமல் போகலாம். அப்போதும் செப்சிஸ் இருக்கலாம்.

'காட்டி'யும் எனக்கு உறுத்துகிறது. பெரிய தீக்காயம் பட்டவருக்குக் காய்ச்சல், நாடி வேகம், வெள்ளணு ஏற்றம் எல்லாம் தொற்று இல்லாமலே இருக்கும். அதனால்தான் அமெரிக்கத் தீக்காயச் சங்கத்தின் 2007 அளவுகோல் தீக்காயத்துக்கென்று தனி வரம்பு வைத்தது: உடல்வெப்பம் 39 டிகிரிக்கு மேல் அல்லது 36.5க்குக் கீழ், பெரியவர்களுக்கு நாடி 110க்கு மேல், இன்னும் சில. சி-எதிர்வினைப் புரதம் காயத்தினாலேயே ஏறிவிடும், பல நாள் இறங்காது. புரோகால்சிட்டோனின் சில மணி நேரத்திலேயே ஏறுவதால் கொஞ்சம் உதவும். ஆனால் காயம் பெரிதாக இருந்தால் முதல் நாளிலும், அறுவைக்குப் பிறகும் அதுவும் ஏறும். ஒரு நாள் எண்ணை வைத்து முடிவு செய்ய மாட்டோம். இறங்கிக்கொண்டிருந்தது மறுபடி ஏறுகிறதா என்றுதான் பார்ப்போம். இவ்வளவு தயங்கிப் பேசும் பொருளைக் 'காட்டி' என்றால், படிக்கும் செவிலியர் அதை அளவுக்கு மீறி நம்பிவிடுவார்.

தமிழாசிரியர்:
டாக்டர் சொன்னதிலேயே விடை இருக்கிறது. காட்டுவது வேறு, குறிப்பது வேறு. பள்ளி ஆய்வகத்து நிறங்காட்டி அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம், பார்த்தவுடன் முடிந்தது. குறிப்புக்கோ அதை அறிகிற ஒருவர் வேண்டும். வள்ளுவர் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரம், காமத்துப்பாலில் ஓர் அதிகாரம் வைத்ததை நினையுங்கள். 'குறிப்பான்' என்றே வையுங்கள்.

இன்னொன்று. 'அழற்சி'யின் வேர் அழல், அதாவது நெருப்பு. தீயால் வந்த அழற்சி எது, தொற்றால் வந்த அழற்சி எது என்று பிரிப்பதுதான் இந்தப் பாடத்தின் சிக்கலே. எனவே வெறும் 'அழற்சி' என்று எங்கும் விடாமல், 'காய அழற்சி', 'தொற்று அழற்சி' என்று ஒவ்வோர் இடத்திலும் அடை சேர்த்துவிடுங்கள்.

தனித்தமிழ் அன்பர்:
ஐயா, நீங்கள் சொன்ன பொருட்பால் அதிகாரத்திலேயே 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்று வருகிறது. உள்ளத்தில் மிகுந்ததை முகம் 'காட்டும்' என்கிறார் வள்ளுவர். காட்டிக்கு அவரே சான்று.

செப்சிஸை அப்படியே விடுவதையும் ஏற்க மாட்டேன். கிரேக்கத்தில் அதற்கு அழுகல் என்று பொருள். டாக்டரின் வரையறைக்கு அதுவும் பொருந்தவில்லையே. நாம் 'தொற்றுப்பிறழ்வு' என்றால் மூலச்சொல்லைவிடத் தெளிவு. புரோகால்சிட்டோனினையும் விட வேண்டியதில்லை. கால்க்ஸ் என்றால் இலத்தீனில் சுண்ணாம்பு. கால்சிட்டோனின் இரத்தத்தில் கால்சியத்தைக் குறைப்பது. ஆகவே அது 'சுண்ணந்தணிப்பி', அதன் முன்வடிவம் 'முன்சுண்ணந்தணிப்பி'.

தீக்காயப் பிரிவு மருத்துவர்:
'தொற்றுப்பிறழ்வு' நல்ல ஆக்கம், மறுக்கவில்லை. 'முன்சுண்ணந்தணிப்பி' கூடாது. தைராய்டு செல்களில் அது கால்சிட்டோனினாக மாறும் என்பது உண்மை. ஆனால் பாக்டீரியத் தொற்று கடுமையானால் கல்லீரல் உட்படப் பல உறுப்புகள் அதைச் சுரக்கின்றன, அது மாறாமலே இரத்தத்துக்கு வந்துவிடுகிறது. சுண்ணத்துக்கும் எங்கள் நோயாளிக்கும் அங்கே தொடர்பில்லை. ஆய்வகத் தாளில் புரோகால்சிட்டோனின் 'பிசிடி' என்று சுருக்கமாக இருக்கும். இரவுப் பணியில் அதையும் பாடநூலையும் பொருத்திப் பார்க்க முடியாத செவிலியர் நேரத்தை இழப்பார். தீக்காயத்தில் அந்த நேரம் பெரிது.

செவிலியர் பயிற்றுநர்:
வகுப்பில் நாங்கள் சொல்வது 'மார்க்கர்'தான். 'குறிப்பான்' என்றால் ஒருமுறை விளக்கினால் பிடித்துக்கொள்வார்கள். 'தொற்றுப்பிறழ்வு' என்றதும் 'கிருமி பிறழ்ந்துவிட்டதா?' என்று கேட்டார்கள், இன்று காலை சொல்லிப் பார்த்தேன்.

மொழிபெயர்ப்பவர்:
அனைவருக்கும் நன்றி. 'செப்சிஸ் குறிப்பான்' என்று வைக்கிறேன். முதல் இடத்தில் 'தொற்றுக்கு உடலின் கட்டுமீறிய எதிர்வினை' என்று ஒரு வரி விளக்கம். புரோகால்சிட்டோனின் அப்படியே, பக்கத்தில் பிசிடி. காய அழற்சி, தொற்று அழற்சி இரண்டும் சேர்த்தாயிற்று.

தனித்தமிழ் அன்பர்:
பெரும்பான்மை அப்படியென்றால் சரி. ஆனால் 'குறிப்பான்' என்பது ஆண்பால் எதிர்கால வினைமுற்று. 'அவன் குறிப்பான்' என்பதும் இதுவும் ஒரே வடிவம். 'குறிப்பி' என்றால் இந்தக் குழப்பமே இல்லை. அச்சுக்குப் போகுமுன் இதை மட்டுமாவது பாருங்கள்.

தமிழாசிரியர்:
இதை ஒதுக்க முடியாது. அன்பர் சொல்வது இலக்கணப்படி சரிதான். ஆனால் 'செப்சிஸ் குறிப்பான்கள்' என்று பன்மையில் வந்தால் வினைமுற்று ஐயம் தானே போய்விடும். பாடத்தில் பெரும்பாலும் பன்மைதான். 'குறிப்பி'யை அடுத்த இழையில் பேசுவோம்.