அய்யனின் சிஆர்பி திரும்ப ஏறியிருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கமுங்க. நாங்கள் கோபி பக்கம். எங்கள் அய்யனுக்கு 67 வயது, சர்க்கரை உண்டு. கோவையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்து 11 நாள் ஆகிறது. ரத்தத்தில் கேண்டிடா பூஞ்சை என்று கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) வந்து, காஸ்போஃபஞ்சின் மருந்து ஏறுகிறது.

சிஆர்பி (அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) முதலில் 148, அப்புறம் 62. அம்மா உடனே பண்ணாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். நேற்று 71. அந்த ரிப்போர்ட்டை விரித்து விரித்துப் பார்த்து மடிப்பே கிழிந்துவிட்டது.

சிஆர்பி கல்லீரலில் உருவாகும் புரதம், எந்த அழற்சிக்கும் ஏறும், பூஞ்சைக்கென்று தனி அடையாளம் இல்லை என்பது வரை தெரியும். ஊசி குத்திய கையும் வீங்கித்தான் இருக்கிறது. கல்ச்சர் நெகட்டிவ் ஆன நாளிலிருந்து 14 நாள் மருந்து என்றார் டாக்டர். அதற்குமேல் கேட்பதற்குள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இந்த 9 ஏறியதற்குப் பயப்பட வேண்டுமா? பாக்டீரியாவும் சேர்ந்துகொண்டதா என்று பார்க்க புரோகால்சிடோனின் எடுக்கச் சொல்லிக் கேட்கலாமா? பீட்டா டி குளூக்கான் (இது புரதமில்லை, பூஞ்சைச் சுவரின் சர்க்கரை) கோவையில் எங்காவது பார்க்கிறார்களா? லேபில் இருப்பவர்கள், வீட்டில் இப்படிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். இலைச் சாறு வைத்தியம் மட்டும் வேண்டாமுங்க. நாளைக் காலை எட்டரைக்கு டாக்டர் வருவார், அதற்குள் தெரிந்தால் நேரில் கேட்டுவிடுவேன்.