இந்தியாவிலிருந்து தத்தெடுப்பு: சபையில் பணம் திரட்டலாமா? காத்திருக்கும் மாதங்களில் என்ன செய்யணும்?

தேரிக்காடு:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். டெக்சாஸில் இருக்கிறோம். நானும் மனைவியும் அமெரிக்கக் குடியுரிமை, கையில் ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை). ஒரு மகன், ஆறு வயது. இந்தியாவிலிருந்து ஒரு குழந்தையைத் தத்தெடுக்க ஹோம் ஸ்டடி (எங்கள் குடும்பத்தை விசாரித்து எழுதும் அறிக்கை) முடித்து ஐ-800ஏ (தத்தெடுக்கத் தகுதி கேட்டு அமெரிக்கக் குடிவரவுத் துறைக்குப் போடும் விண்ணப்பம்) அனுப்பிவிட்டோம். ஏஜென்சி சொன்ன மொத்தச் செலவு 38,000 டாலர், கையில் இருப்பது 15,000. மீதியைச் சபையில் திரட்டலாமா? ரெஃபரல் (இன்ன குழந்தை என்ற விவரம்) வந்ததும் குழந்தையின் படத்தைப் போட்டால் பணம் சீக்கிரம் சேரும் என்கிறார்கள், சரியா? காத்திருக்கும்போது எதில் கவனமாக இருக்கணும்?

மூலைக்கல்:
பிரதர், திரட்டலாம். ஆனால் காசு வருகிற வழி முக்கியம். ஒருவர் செக்கின் மெமோ வரியில் உங்கள் குடும்பப் பெயரை எழுதிக் காணிக்கைப் பையில் போட்டால், அது சபைக் காணிக்கை ஆகாது. சபை வழியாக உங்களுக்கு வந்த அன்பளிப்பு. கொடுத்தவர் அதற்கு வரிவிலக்குக் கேட்க முடியாது. சபை ரசீது எழுதிக்கொடுத்தால் வம்பு சபைக்குத்தான்.

சரியான வழி: சபைக் கமிட்டி தீர்மானம் போட்டு, பொதுவாக ஒரு தத்தெடுப்பு நிதி தொடங்கணும். யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று இருக்கணும். யாருக்கு எவ்வளவு என்பதைக் கமிட்டி தீர்மானிக்கணும், அந்தப் பேச்சு நடக்கும்போது நீங்களோ உங்கள் சொந்தக்காரரோ அங்கே உட்காரக் கூடாது. செக் ஏஜென்சி பெயரில் போகணும். போதகரிடம் இதை இப்போதே பேசுங்கள். கமிட்டி கூடித் தீர்மானம் போடவே பல வாரம் ஆகும்.

வரிவிலக்கு வேண்டாம் என்கிற சொந்தபந்தம் நேராக உங்கள் கையில் கொடுக்கட்டும். அது உங்களுக்கு வருமானமும் இல்லை. 2025 கணக்கில் ஒருவர் ஒருவருக்கு 19,000 டாலர் வரை கொடுத்தால் கொடுப்பவர் கிஃப்ட் டாக்ஸ் படிவம்கூடப் போட வேண்டாம். கோஃபண்ட்மீ இணையதளத்தில் திரட்டி வருவதும் இதே கணக்குதான்.

வெளி அமைப்புகளிலும் உதவி உண்டு. ஷோ ஹோப் மானியம் தருகிறது; ஹோம் ஸ்டடி முடிந்திருக்கணும், உங்களுக்கு முடிந்துவிட்டது. லைஃப்சாங்கில் மேட்சிங் உண்டு: சபையார் கொடுக்கும் தொகைக்கு ஈடாக, ஒரு வரம்பு வரை அவர்களும் போடுவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது போத் ஹேண்ட்ஸ். நண்பர்கள் சேர்ந்து ஒரு விதவையின் வீட்டை ஒரே நாளில் பழுதுபார்த்துக் கொடுப்பீர்கள்: பெயின்ட், வேலி, தோட்டம். அந்த ஒரு நாள் உழைப்புக்கு ஆதரவு கேட்டு ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களுக்குத் தபாலில் கடிதம் போடுவார்கள். வருகிற பணம் தத்தெடுப்புக்கு. திக்கற்ற பிள்ளையையும் விதவையையும் ஒன்றாக விசாரிக்கிற வேலை, அதனால் கேட்கக் கூச்சமே வராது.

தத்தெடுப்புக்கான வரிச் சலுகையை நம்பி இப்போது பட்ஜெட் போடாதீர்கள். 2025க்கு ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் 17,280 டாலர், அதில் 5,000 வரை வரி கட்டாதவருக்கும் திரும்பக் கிடைக்கும். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை என்றால் தத்தெடுப்பு முடிந்த ஆண்டில்தான் 8839 படிவத்தில் கேட்க முடியும். மானிய நிறுவனம் நேரே ஏஜென்சிக்குக் கட்டிய தொகையை அதில் சேர்க்கக் கூடாது. ரசீதுகளை இப்போதிருந்தே தனி உறையில் போட்டு வையுங்கள்.

மழைமேகம்:
படம் போடவே கூடாது. இந்தியச் சிறார் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74: பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம், ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும்கூடக் கிடைக்கலாம். பெயர், ஊர், இல்லத்தின் பெயர், நோய் எதுவும் வேண்டாம். நிதிப் பக்கத்தில் உங்கள் குடும்பப் படம் போதும். உங்கள் பிள்ளை பதினைந்து வயதில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படிக்கும் என்று நினைத்து எழுதுங்கள்.

உப்பளம்:
காத்திருப்பைப் பற்றி. ஓசிஐ என்பதால் இந்தியாவில் இருப்பவர்களுக்கும் என்ஆர்ஐகளுக்கும் பின்னால்தான் உங்கள் முறை. இந்தியாவின் 2022 தத்தெடுப்பு விதிகளின்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தம்பதியரின் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது, நான்கு வரை 90, எட்டு வரை 100. இன்னொன்று: இரண்டு பிள்ளை ஆகிவிட்டால் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் எளிதில் குடும்பம் கிடைக்காத பிள்ளைகளும் மட்டும்தான். இடையில் கருவுற்றால் ஏஜென்சியிடம் அன்றே சொல்லுங்கள்.

ஐ-800ஏ ஒப்புதல் 15 மாதம்தான். கைரேகைக்கும் அதே கெடு. இந்தியாவின் மத்தியத் தத்தெடுப்பு அமைப்பான காராவிடம் ஹோம் ஸ்டடி மூன்று ஆண்டு செல்லும், ஆனால் அமெரிக்கப் பக்கம் அதற்கு முன்பே புதுப்பிக்கச் சொல்லும். வீடு மாறினாலோ, வேலை போனாலோ, ஊரிலிருந்து அம்மா வந்து நிரந்தரமாகத் தங்கினாலோ ஹோம் ஸ்டடி அப்டேட் தேவை. பலர் மாட்டுவது இங்கேதான்: அறிக்கையில் ஒரு சம்பளம், புதுப் பேஸ்லிப்பில் வேறு சம்பளம். எல்லாக் கெடு தேதிகளையும் ஒரே தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்கள், தேதிக்கு நான்கு மாதம் முன்னால் ஒரு சிவப்புக் கோடு.

ரெஃபரல் வந்தால் 96 மணி நேரத்துக்குள் ரிசர்வ் செய்யணும், 30 நாளுக்குள் ஏற்கணும். மருத்துவ அறிக்கையைப் படிக்க, தத்துப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய குழந்தை மருத்துவரை இப்போதே பேசி வையுங்கள். பிறகு ஐ-800 (அந்தக் குழந்தைக்கென்று போடும் விண்ணப்பம்) தற்காலிக ஒப்புதல், டெல்லி அமெரிக்கத் தூதரகத்தின் ஆர்ட்டிகிள் 5 கடிதம் (தத்தெடுப்பு தொடரலாம் என்பது), காராவின் என்ஓசி (ஆட்சேபணையின்மைச் சான்று), மாவட்ட ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை. இந்த வரிசை மாறி ஆணை முந்திவிட்டால் விசா சிக்கலாகும்.

அதனால் மொத்தத் தொகையைத் துரத்தாமல் அடுத்த பில்லைப் பார்த்துத் திரட்டுங்கள். இந்தியப் பக்க இல்லத்துக்கு 5,000 டாலர் தனியே நிற்கட்டும். பலர் பட்ஜெட்டில் விடுவது இரண்டு: தத்தெடுத்த பின் இரண்டு ஆண்டில் ஆறு ஃபாலோ-அப் அறிக்கைகளுக்கான கட்டணம், டெல்லியில் கூடுதல் நாட்கள். பிள்ளை தமிழ்நாட்டில் இருந்தாலும் விசா டெல்லியில்தான். இரண்டு வயதுக்கு மேல் என்றால் டிபி ரத்தப் பரிசோதனை உண்டு, முடிவு பாசிட்டிவ் என்றால் தங்கல் நீளும்.

தேரிக்காடு:
மிக்க நன்றி. அம்மா ஒன்று கேட்கிறார்கள்: இவ்வளவு எதற்கு, சொந்தத்தில் ஒரு பிள்ளையைப் பத்திரம் எழுதி எடுத்துவிடலாமே என்று.

உப்பளம்:
அம்மா சொல்வது 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம். நாம் கிறிஸ்தவர்கள், அது நமக்குப் பொருந்தாது. முன்பு நமக்குக் கார்டியன் உரிமை மட்டும்தான் இருந்தது. சிறார் நீதிச் சட்டம் வந்துதான் எந்த மதத்தவரும் முழுத் தத்தெடுக்க முடிந்தது. சொந்தக்காரப் பிள்ளைக்கும் காரா, ஆட்சியர் ஆணை, ஐ-800 எல்லாம் உண்டு. பத்திரத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தூதரகத்துக்குப் போனால் விசா கிடைக்காது, பிள்ளை அங்கேயே நின்றுவிடும்.