நுனிக்கொம்பும் வெட்டு மெசினும்

வவுனிக்குளத்தான்:
போன ஞாயிறு எங்கள் வாசகர் வட்டத்தில் ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் பற்றிப் பேசினோம். பெரிய வீரன், அரசனுக்குச் சொந்தக்காரன். மூன்று சூனியக்காரிகள் "நீ அரசனாவாய்" என்றதும், தன் வீட்டுக்கு விருந்தாளியாக வந்த அரசன் டங்கனைத் தூக்கத்தில் குத்துகிறான். அதற்குப் பிறகு அவனுக்கு நித்திரையே இல்லை. "நுனிக்கொம்பர் ஏறினார் அஃதிறந் தூக்கின் உயிர்க்கிறுதி ஆகி விடும்" (குறள் 476): கொம்பின் நுனிவரை ஏறியவன் அதையும் தாண்டி ஏறினால் உயிரே போய்விடும்.

இதை நான் கண்ணாலும் கண்டேன். பக்கத்துக் காணிக்காரர் லீசிங்கில், அதாவது தவணைக் கடனில், நெல் வெட்டும் வெட்டு மெசின் எடுத்தார், நன்றாக ஓடியது. அந்தக் கடனைக் கட்டி முடிக்கமுன் இரண்டாவதும் எடுத்தார். அந்தக் காலபோகம், மாரி மழையை நம்பிய பெரும்போகம், மழை பிழைத்தது. ஒரு விடியற்காலை லொறி வந்து இரண்டையும் ஏற்றிப் போனது. மெசினை மூடியிருந்த தறப்பாள் மட்டும் மிஞ்சியது. அவர் அதை மடித்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைகளுக்குப் 'போதும்' என்ற சொல்லைப் பழக்க வேண்டும்.

புதுக்குடியிருப்பு மகள்:
அண்ணை, வன்னியில் யாருக்குப் 'போதும்' என்று சொல்கிறீர்கள்? 2009இல் மெனிக் பாம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் இருந்தோம். அங்கே வைத்துத்தான் அப்பா குச்சியால் மண்ணில் கீறிக் காட்டினார்: இது வீடு, இது கிணறு, இது வயல். சொந்தக் காணியை எட்டிப் பார்க்கவும் வழியில்லாத நேரம் அது. அதுவும் பேராசையா? "உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்" என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான் (596).

அப்புறம், மக்பெத்தின் தோழன் பாங்கோவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அவனும் அதே இடத்தில் நின்று அதே சூனியக்காரிகளிடம் வாக்குக் கேட்டவன். உன் பரம்பரை அரசாளும் என்றார்கள். அதற்காக அவன் யாரையும் கொல்லவில்லையே.

வவுனிக்குளத்தான்:
பாங்கோ விஷயம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தங்கச்சி, அந்த மெசின்காரரும் முகாமிலிருந்து வந்தவர்தான். அவரும் ஒருநாள் மண்ணில் கீறியிருப்பார். எங்கே நிற்பது என்று ஆசைக்குத் தெரியாது. என் பயம் அதுதான்.

கனகராயன் கரை:
நான் இரண்டு வருடம் லீசிங் கம்பனியில் வேலை செய்தவன். முதல் மெசினுக்கு மனைவி, மச்சான், பிணைகாரர் எல்லோரும் வந்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள். இரண்டாவதற்கு ஆள் தனியாக வருவார். "தம்பி, வீட்டுக்குப் போன் கோல் எடுக்காதே" என்பார். மக்பெத்தும் அப்படித்தான். டங்கனைக் கொல்லும்போது மனைவியோடு சேர்ந்து திட்டம் போட்டவன், பாங்கோவைக் கொல்ல ஆள் அனுப்பியதை அவளுக்கே சொல்லவில்லை.

"மூன்று போகத்தில் கட்டிவிடலாம்" என்று நான் சொல்வேன், மழையைப் பற்றி வாய் திறக்கமாட்டேன். சின்ன உண்மையைச் சொல்லிப் பெரிய விஷயத்தில் கவிழ்ப்பார்கள் என்று பாங்கோ எச்சரிப்பது என்னைப் போன்றவர்களைப் பற்றித்தான். மனம் கேட்காமல் வேலையை விட்டேன்.

புதுக்குடியிருப்பு மகள்:
இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். போன வருடம் லாண்ட்மாஸ்டர் (இரண்டு சில்லுக் கை உழவு இயந்திரம்) எடுக்க நினைத்தபோது அப்பாவின் கொப்பியைத்தான் முதலில் திறந்தேன். ஊர் திரும்பிய நாளிலிருந்து விதைநெல், உரம், வெட்டுக்கூலி எல்லாம் அதில் இருக்கிறது. மழை பிழைத்த போகங்களுக்குக் கீழே சிவப்புக் கோடு. அந்தக் கோடுகளை எண்ணிவிட்டு, பழைய லாண்ட்மாஸ்டர் ஒன்றைக் கைக்காசுக்கு வாங்கினேன்.

வெட்டு மெசின் ஆசை எனக்கும் இருக்கிறது, அண்ணை. அதைக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் அதற்குப் பக்கத்திலேயே விலையைக் கேட்டு எழுதியிருக்கிறார்.