பரலில் வைத்த டீசல், 22 நிமிடத்தில் நின்ற ஜெனரேற்றர்: எங்கே பிழைவிட்டேன்?

பரந்தன் குஞ்சு நிலையம்:

வணக்கம். பரந்தனில் ஊர்க்கோழிக் குஞ்சு பொரிக்கும் சிறிய நிலையம் ஒன்றை நடத்துகிறேன். 1,200 முட்டை பிடிக்கும் அடைகாக்கும் இயந்திரம் இரண்டு, கடைசி மூன்று நாளுக்கான பொரிப்புப் பெட்டி ஒன்று. மின்சாரம் நின்றால் ஓட்டுவதற்கு 10 கேவீஏ டீசல் ஜெனரேற்றர் இருக்கிறது.

2022இல் ஒரு கான் டீசலுக்காக இரண்டு இரவு வரிசையில் கிடந்தோம். அந்த நினைவு விடவில்லை. 2023 செப்டெம்பரில், கியூஆர் குறியீட்டைக் காட்டி வாரம் இவ்வளவு என்று எரிபொருள் வாங்கிய ஒதுக்கீடு நீங்கியதும் முதல் வேலையாக இரண்டு 200 லீற்றர் பரல்களை நிரப்பிக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தித் தறப்பாளால் மூடினேன். ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி ஜெனரேற்றரைப் 10 நிமிடம் ஓட்டிப் பார்ப்பேன். ஒரு நாளும் தகராறு செய்யவில்லை.

இந்த மாரியில் ஓர் இரவு, மழை கொட்டிக்கொண்டிருந்தபோது 1.40க்கு மின்சாரம் போனது. ஜெனரேற்றர் உடனே எடுத்தது. தாங்கியில் டீசல் குறைவாக இருந்ததால் பரலிலிருந்து 20 லீற்றர் ஊற்றினேன். 22 நிமிடம் ஓடியது. பிறகு மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கி நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப இயக்கிப் பார்த்ததில் பற்றரியும் இறங்கிவிட்டது. விடிந்த பிறகுதான் மின்சாரம் வந்தது.

ஓர் இயந்திரத்தில் 16ஆம் நாள் முட்டைகள் இருந்தன. குளிர்ந்துவிடும் என்று பயந்து சாக்குகளைப் போட்டு மூடினேன். பிந்திய நாள் முட்டைகள் தாமே சூடு விடும், காற்றாடி நின்றால் கதவைத் திறந்துவிட வேண்டும் என்பதைக் கால்நடை வைத்தியர் பிறகுதான் சொன்னார். 1,200இல் பொரித்தது 90. அந்தக் குஞ்சுகளுக்கு முற்பணம் கட்டியிருந்தவர்கள் தனியாகக் குடும்பம் நடத்தும் பெண்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

பில்ரரைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக, சளிபோல ஒன்று. டீசல் கெட்டுப்போகுமா? மீதி 380 லீற்றரை என்ன செய்வது?

மாங்குளம் கமக்காரன்:

டீசல் பழசானால் வீரியம் குறையும். பாதிக்குப் பாதி மண்ணெண்ணெய் கலந்து ஓட்டுங்கள், பற்றிக்கொள்ளும். போர்க்காலத்து எரிபொருள் தடையில் எல்லாரும் அப்படித்தானே ஓட்டினோம்.

கிளிநொச்சி பம்ப் திருத்துநர்:

தங்கச்சி, படித்ததும் மனம் கனத்துவிட்டது. 30 வருடத்துக்கு மேலாக டீசல் இயந்திரங்கள் திருத்துகிறேன். உங்கள் இயந்திரத்தில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முதலில் கமக்கார அண்ணைக்கு ஒரு வார்த்தை. 1990க்குப் பிறகு தடை இருந்த காலத்தில் நானும் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஒயில் கலந்து நீர்ப்பம்புகளை ஓட்டியவன்தான். வேறு வழி இருக்கவில்லை. அந்த இயந்திரங்களின் டீசல் பம்புகள் தேய்ந்து என் மேசைக்கு வந்ததையும் நான்தான் பார்த்தேன். மண்ணெண்ணெய்க்கு டீசல் அளவுக்கு வழுக்கும் தன்மை கிடையாது. அதோடு, பரலுக்குள் இறங்கிய தண்ணீரை அது ஒன்றும் செய்யாது. தங்கச்சியின் இயந்திரத்தை நிறுத்தியது தண்ணீர்.

நீங்கள் பார்த்த கறுப்புச் சளிக்கு உயிர் இருக்கிறது. டீசல் தண்ணீரில் மிதக்கும். அடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தால் போதும், இரண்டும் தொடுகிற இடத்தில் பூஞ்சணமும் பக்ரீரியாவும் குடியேறிவிடும். டீசல் அவற்றுக்குச் சாப்பாடு. எங்கள் வெக்கை அவற்றுக்கு நன்றாகப் பிடிக்கும்.

தண்ணீர் எப்படி இறங்கியது? உங்கள் பரல்கள் மூடி மேலே பார்த்தபடி நிமிர்ந்து நிற்கின்றன என்று நினைக்கிறேன். பரலின் மேல் விளிம்பு உயர்ந்திருப்பதால் மழைத்தண்ணீர் அங்கே சிறு குளமாகத் தேங்கும். பகல் வெயிலில் பரல் சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரிந்து மூடியின் புரி வழியே வெளியேறும். மழை விழுந்து பரல் சட்டென்று குளிரும்போது அதே புரி வழியே உள்ளே இழுக்கும். அப்போது மூடியின் மேல் குளம் நின்றால் காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் போகும். மூடியைக் கைவலிக்க இறுக்கியிருந்தாலும் போகும். தறப்பாள் ஒரு காற்றில் விலகினால் காணும். பாதி வெறுமையான பரலில் இது போதாதென்று உள்சுவரிலும் பனி வேர்த்து வடியும்.

ஆகவே பரலை மழை படாத கூரைக்குள் கொண்டுபோங்கள். நிறைந்த பரலை இரண்டு மரக்குற்றிகளின் மேல் படுக்க வையுங்கள். இரண்டு மூடிகளும் மணிக்கூட்டில் 3உம் 9உம் இருக்கும் இடத்தில், ஒரே மட்டத்தில் வரவேண்டும். அப்போது உள்ளே டீசல் மூடியை மூழ்கடித்து நிற்கும், காற்று உள்ளே புக வழியில்லை. பாவிக்கத் தொடங்கிய பரலை நிமிர்த்தி, ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சற்றே சரித்து, மூடியை உயர்ந்த பக்கத்தில் வையுங்கள். முட்டை இருக்கும் அறைக்கும் பரலுக்கும் நல்ல இடைவெளி விடுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

அடுத்தது உங்கள் 10 நிமிடச் சோதனை. அந்தப் 10 நிமிடமும் இயந்திரம் குடித்தது தாங்கியில் தெளிந்து நின்ற பழைய டீசலை. அன்றிரவு பரலின் அடியிலிருந்து 20 லீற்றரைக் கலக்கி ஊற்றினீர்கள். அதிர்வில் எல்லாம் கிளம்பி, பில்ரர் 22 நிமிடம் தாக்குப்பிடித்தது.

இனி மாதம் ஒரு முறை 30 நிமிடமாவது ஓட்டுங்கள், அதுவும் சுமையோடு. 10 கேவீஏ என்றால் 8 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்காவது சுமை வேண்டும். உங்கள் இயந்திரங்கள் மட்டும் அவ்வளவு இழுக்கமாட்டா. சோதனை நாளில் கிணற்று மோட்டரையும் தீவனம் கலக்கும் இயந்திரத்தையும் சேர்த்துப் போடுங்கள். சுமையில்லாமல் ஓட்டினால் எரியாத டீசல் புகைக்குழாயில் ஈரமாகப் படிந்து இயந்திரத்தைக் கெடுக்கும்.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். மணிக்கு 2 லீற்றர் என்று வைத்தால் மாதச் சோதனைக்கு 1 லீற்றர், வருடத்துக்கு 12. உங்கள் 400 லீற்றர் முடிய 33 வருடம் ஆகும்! டீசலை நல்ல நிலையில் 6 மாதம் நம்பலாம், கவனமாக வைத்தால் ஒரு வருடம். அதற்கு மேல் காற்றோடு சேர்ந்து கறுத்துப் பிசின் கட்டத் தொடங்கும்.

குறைவாக வையுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். 2022ஐயும் அதற்கு முந்தியதையும் பார்த்த எவரிடமும் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. 400 லீற்றர் என்றால் 200 மணித்தியாலம், எட்டு நாள். வைத்திருங்கள். ஆனால் வன்னியில் ஒரு வருடத்து விதைநெல்லை மறு வருடத்துக்கு யாராவது பூட்டி வைப்பார்களா? விதைத்துவிட்டுப் புதிதை எடுத்து வைப்பார்கள். டீசலுக்கும் அதுதான் முறை. உங்கள் ஜெனரேற்றருக்கு இவ்வளவும் குடிக்க வாய் கிடையாது, இன்னொரு வாய் வேண்டும். வீட்டிலோ அயலிலோ உழவு இயந்திரம் இருக்குமே? பெரும்போக உழவுக்கு முதலாம் பரலைக் கொடுத்து, கழுவிக் காயவைத்துப் புதிதாக நிரப்புங்கள். சிறுபோகத்துக்கு இரண்டாம் பரல். எந்தப் பரலும் ஒரு வருடத்தைத் தாண்டாது. நிரப்பிய திகதியைப் பரலில் பெயின்ரால் எழுதுங்கள்.

இருக்கிற டீசலைப் பார்க்கும் வழி: கண்ணாடிபோல் தெரியும் நீளக் குழாய் ஒன்றை எடுத்து, மேல் வாயைப் பெருவிரலால் அடைத்தபடி பரலின் அடிவரை இறக்குங்கள். அடியைத் தொட்டதும் விரலை எடுத்து, நிரம்பியதும் மீண்டும் அடைத்துத் தூக்குங்கள். அதை ஒரு போத்தலில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் பின்னால் பத்திரிகையைப் பிடித்தால் எழுத்து வாசிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். என்ன தெரிந்தது என்று இங்கே எழுதுங்கள்.

தாங்கி எதில் செய்தது?

முல்லைத்தீவு ஐஸ் களஞ்சியம்:

பம்ப் அண்ணை சொன்னது அத்தனையும் உண்மை. படகுக்காரருக்குத் தண்ணீர் கலந்த டீசல் நடுக்கடலில் பாடம் சொல்லித் தரும். நான் சேர்ப்பது இரண்டு விடயம்.

மேலதிகமாக இரண்டு பில்ரர்களை ஜெனரேற்றருக்குப் பக்கத்திலேயே தொங்கவிடுங்கள். மாற்றிய பிறகு கைப்பம்பை அடித்து, டீசல் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாவிட்டால் புது பில்ரர் போட்டும் இயந்திரம் எடுக்காது. பகலில் ஒரு முறை செய்து பழகிவிட்டு, மறுமுறை விளக்கை அணைத்துவிட்டு டோர்ச் வெளிச்சத்தில் செய்து பாருங்கள். அந்த இரவில் உங்களுக்கு இது தெரிந்திருந்தால் 15 நிமிடத்தில் மறுபடி ஓடியிருக்கும். பில்ரருக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணம் ஒன்றையும் பூட்டுங்கள். தண்ணீர் வந்தால் கண்ணில் படும்.

மற்றது, பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து விற்கிறார்கள். அடியில் இருக்கும் தண்ணீரையும் சளியையும் எடுக்காமல் மருந்தை மட்டும் ஊற்றினால், செத்தது எல்லாம் கிளம்பி வந்து பில்ரரை அடைக்கும். முதலில் கழுவுங்கள், பிறகு போத்தலில் எழுதிய அளவுக்கு மட்டும் மருந்து.

பரந்தன் குஞ்சு நிலையம்:

எல்லாருக்கும் நன்றி. பரல்கள் நீங்கள் சொன்னபடியே நிமிர்ந்துதான் நின்றன. கூரைத் தாழ்வாரத்துத் தண்ணீர் நேராக முதலாம் பரலின் தலையில் விழுந்திருக்கிறது. இரண்டு வருடமாக என் கண்ணில் படவில்லை.

குழாயை இறக்கிப் பார்த்தேன். முதலாம் பரலில் அடியில் நான்கு விரல் உயரம் தண்ணீர், அதன்மேல் கறுப்பு நூல் நூலாக ஒரு படை, அதற்கு மேல் கலங்கிய டீசல். பெயின்ற் மணம் அடிக்கிறது. சுவரோரம் நின்ற இரண்டாம் பரலில் தண்ணீர் இல்லை. நிறம் தேநீர்போல் இருக்கிறது, ஆனால் தெளிவு. பத்திரிகையின் தலைப்பை மட்டுமல்ல, சிறிய எழுத்தையும் வாசித்தேன்.

தாங்கி கல்வனைஸ் தகடு. வெல்டிங் கடையில் செய்வித்தது. துருப்பிடிக்காது என்றுதான் அதைக் கேட்டேன்.

உழவு இயந்திரம் தம்பியிடம் இருக்கிறது. எட்டு ஏக்கர் செய்கிறான். கொடுக்கலாமா?

கிளிநொச்சி பம்ப் திருத்துநர்:

இரண்டாம் பரலைக் கொடுக்கலாம். துணியில் வடித்து, புது டீசலோடு பாதிக்குப் பாதி கலந்து தம்பி இந்தப் போகத்திலேயே எரித்துவிடட்டும்.

முதலாம் பரலிலிருந்து ஒரு துளிகூட அவனுக்குக் கொடுக்காதீர்கள். பூஞ்சணம் அவனுடைய தாங்கிக்கும் குடிபோகும். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றவும் வேண்டாம். உங்கள் கிணறு 20 அடிதானே இருக்கும், கீழே போனது தண்ணீரோடு திரும்பி வரும். மூடி, கெட்டது என்று எழுதி ஒதுக்கி வையுங்கள். பழைய ஒயில் சேர்க்கும் கராஜில் கேட்டால் எடுப்பார்கள்.

தாங்கியை மாற்ற வேண்டும். கல்வனைஸ் தகட்டில் பூசியிருக்கும் நாகம் (சிங்க்) என்ற உலோகம் டீசலோடு சேர்ந்து சவர்க்காரம்போல் ஒன்றை உண்டாக்கும், அதுவும் பில்ரரைத்தான் அடைக்கும். செப்புக் குழாய் இருந்தால் அதையும் கழற்றுங்கள், செம்பு டீசலைச் சீக்கிரம் பழுதாக்கும். சாதாரண இரும்புத் தகட்டில், அடியை ஒரு மூலைக்குச் சரித்து, அந்த மூலையில் தண்ணீர் திறந்துவிடும் குழாயோடு செய்யச் சொல்லுங்கள். இயந்திரத்துக்குப் போகும் குழாய் அடியிலிருந்து மூன்று அங்குலம் மேலே இருக்கட்டும். சோதனை ஓட்டத்துக்கு முன் அந்த மூலைக் குழாயைத் திறந்து ஒரு போத்தல் பிடித்துப் பாருங்கள்.

அடுத்த தொகுதி முட்டை எப்போது வைக்கிறீர்கள்? அதற்கு முதல் ஞாயிறு வந்து காற்று வெளியேற்றிக் காட்டுகிறேன். பில்ரர் எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள், வரும்போது இரண்டு வாங்கி வருகிறேன்.