இணைய வானொலியைப் பதிவு செய்து போனில் கேட்பது: இரைச்சலும் வருகிறது, கோப்பும் பெரிது

தூறல்:
வணக்கம். இணைய வானொலியில் வரும் ஒரு மணி நேரப் பேச்சு நிகழ்ச்சியைப் பதிவு செய்து, நெட் இல்லாதபோது ஆண்ட்ராய்டு போனில் கேட்க வேண்டும். கம்ப்யூட்டரில் விண்டோஸ் 10, ஒலிப்பதிவுக்கு ஆடாசிட்டி 3 மென்பொருள். மின்விசிறிச் சத்தமும் சேர்ந்தே பதிவாகிறது. வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பு 600 மெகாபைட்டைத் தாண்டுகிறது. எதை மாற்றணும்?

கம்பிவடம்:
மைக் வழியாகப் பதிவாகிறது, அதுதான் சிக்கல். 'ஆடியோ செட்டப்' பட்டனில் ஹோஸ்ட்டை 'விண்டோஸ் வசாபி' (விண்டோஸின் ஒலி வழி) ஆக்குங்கள். பிறகு ரெக்கார்டிங் டிவைஸில், பெயருக்குப் பின்னால் 'லூப்பேக்' என்று இருக்கும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுங்கள்; ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி மைக் இல்லாமல் நேராகப் பதிவாகும். 'சாஃப்ட்வேர் பிளேத்ரூ' (பதிவாகும் ஒலியை அப்போதே ஒலிக்கவிடும் வசதி) ஆனில் இருந்தால் அணையுங்கள், இல்லாவிட்டால் எதிரொலி அடுக்கடுக்காக ஏறும்.

வேவ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 மெகாபைட் பிடிக்கத்தான் செய்யும். பேச்சுக்கு மோனோ (ஒற்றைத் தட ஒலி) எம்பி3, 64 கேபிபிஎஸ் (நொடிக்கு 64 கிலோபிட்) தாராளம். 29 மெகாபைட்டில் முடிந்துவிடும். கம்ப்யூட்டரின் நோட்டிஃபிகேஷன் சத்தங்களும் பதிவாகும், ஸ்லீப் மோடு வந்தால் பதிவு நின்றுபோகும். இரண்டையும் முன்பே அணைத்துவிடுங்கள்.

தூறல்:
நன்றிங்க, இரைச்சல் போய்விட்டது. ஆனால் ஒரு மணி நேரம் ஓடியும் பதிவு 54 நிமிடம்தான் இருக்கிறது.

கம்பிவடம்:
லூப்பேக்கின் குணம் அது. கம்ப்யூட்டரில் எந்த ஒலியும் ஓடாத நேரத்தில் ஆடாசிட்டிக்கு ஒன்றும் வராது, பதிவு அப்படியே காத்திருக்கும். பஃபரிங்கில் நின்ற நேரமெல்லாம் இப்படித்தான் காணாமல் போயிருக்கும்.

பரண்:
ஒலி ஓடையின் (ஸ்ட்ரீம்) நேரடி இணைய முகவரி கிடைக்கிற நிலையம் என்றால் லூப்பேக்கே வேண்டாம் என்பேன். ஏற்கெனவே எம்பி3 ஆக வரும் ஒலியை விரித்து, மறுபடி எம்பி3 ஆக்கித் தரத்தை எதற்குக் குறைக்கணும்? நிலையம் தரும் எம்3யு அல்லது பிஎல்எஸ் (இணைப்புப் பட்டியல்) கோப்பை நோட்பேடில் திறந்தால் உள்ளே முகவரி இருக்கும். அதை முதலில் விஎல்சி பிளேயரில் ஓடவிட்டு, கன்ட்ரோல் + ஜே அழுத்தி, ஒலி எம்பி3யா, அதுபோன்ற இன்னொரு சுருக்க வடிவமான ஏஏசியா என்று பாருங்கள்.

பிறகு மீடியா மெனுவில் 'கன்வர்ட் / சேவ்', 'நெட்வொர்க்' தாவலில் முகவரி, கீழே 'கன்வர்ட்'. அடுத்த பெட்டியில் 'டம்ப் ரா இன்புட்' (வருவதை மாற்றாமல் அப்படியே சேமிப்பது) தேர்ந்தெடுத்து, கோப்பின் பெயரோடு .எம்பி3 அல்லது .ஏஏசி என்று நீங்களே சேர்த்து, 'ஸ்டார்ட்'. சத்தம் வராது, பயப்பட வேண்டாம், கோப்பு வளர்கிறதா என்று மட்டும் பாருங்கள். முடிந்ததும் 'ஸ்டாப்'. 128 கேபிபிஎஸ் என்றால் மணிக்குச் சுமார் 58 மெகாபைட்.

தூறல்:
ஏஏசியாகச் சேமித்தேன். நன்றாகப் பாடுகிறது, ஆனால் போனில் மொத்த நேரம் தப்பாகக் காட்டுகிறது. நடுவில் தள்ளினால் எங்கோ போய் நிற்கிறது.

பரண்:
வெறும் ஏஏசி ஓடையில் மொத்த நேரமும் இல்லை, எந்த நிமிடம் எங்கே என்ற அட்டவணையும் இல்லை. பிளேயர் குத்துமதிப்பாகக் கணக்குப் போடுகிறது. அதே 'கன்வர்ட் / சேவ்'-இல் இப்போது அந்தக் கோப்பைக் கொடுங்கள். புரொஃபைலுக்குப் பக்கத்திலுள்ள ஸ்பேனர் படத்தை அழுத்தி, 'என்கேப்சுலேஷன்' தாவலில் எம்பி4, 'ஆடியோ கோடெக்' தாவலில் 'கீப் ஒரிஜினல் ஆடியோ டிராக்' டிக். .எம்4ஏ என்று பெயரிடுங்கள். ஒலி மாறாது, உறைதான் மாறும்.

நேரத்தை மிச்சம் பிடிக்க, ஓடும்போதே எம்பி4 ஆகப் பதிய முயலாதீர்கள். அதன் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் மொத்தக் கோப்பும் திறக்காது. வெறும் ஏஏசியில் அதுவரை வந்தது பத்திரமாக இருக்கும்.

கம்பிவடம்:
ஒரு குறிப்பு: சந்தா கட்டும் பாட்டுச் செயலிகளின் ஒலி பூட்டப்பட்டே வரும். டம்ப் செய்தாலும் ஓடாது. அவற்றுக்குச் செயலிக்குள் இருக்கும் டவுன்லோடு வசதிதான்.

தூறல்:
எம்4ஏ சரியாக ஓடுகிறது, தள்ளினால் சரியான இடத்துக்கே போகிறது. யுஎஸ்பியில் போட்டால் போன் சார்ஜ் மட்டும் ஆகிறதே?

பரண்:
போனின் நோட்டிஃபிகேஷனை இறக்கி, 'சார்ஜிங்' என்றிருப்பதை 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' ஆக்குங்கள். கோப்பை 'மியூசிக்' ஃபோல்டரில் போட்டால் போதும்.