புதுப்பிப்பு: தங்கச்சிமடம் இணையப் பிரச்சினையும் எங்கள் வாடிக்கையாளர் குழுவும்

காற்று பலமாக அடித்தாலே இணையம் அறுந்துவிடுகிறது, அதற்காகத் தெருக்காரர்கள் சேர்ந்து குழு தொடங்கியிருக்கிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது கொஞ்சம் தேறியிருக்கிறது.

புகார் எண்ணை வைத்து மல்லுக்கட்டுவதை விட்டுவிட்டு, மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும் நேரத்தையும் கண்ணாடி இழைக் கம்பி வழியே மோடத்துக்கு வரும் ஒளி அளவையும் வீடுவீடாகக் குறித்தோம். ஒளியின் வலிமையைச் சொல்லும் அலகான டிபிஎம்மில் அது மைனஸ் 27-க்குக் கீழே இறங்கினால் பல மோடங்கள் படுத்துவிடும். தடுமாறிய வீடுகள் எல்லாம் கடலோரத்து ஒரே கம்பத்துப் பெட்டியைச் சேர்ந்தவை. லைன்மேன் திறந்தார்: மூடியின் ரப்பர் நைந்து, உள்ளே ஈரமும் உப்பும், துருவேறிய திருகுகள் கையோடு வந்தன. புதுப் பெட்டிக்கு அவரே அலுவலகத்தில் கெஞ்ச வேண்டியிருந்தது, பாவம்.

பெட்டி மாற்றியாயிற்று. மாலையில் வேகம் குறைவது மட்டும் தீரவில்லை; நிறுவனத்தின் கொள்ளளவு போதவில்லை என்றே நினைக்கிறேன். புகாருக்குத் தீர்வு கிடைக்காவிட்டால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குக் கட்டணமின்றிப் போகலாம். மனு தயாராகிறது.